செம்பை விக்கிறதா, வைச்சிருக்கிறதா?

தம்பலகாமத்தான் — 03.07.2025

அப்பப்பா காலத்துச் செம்புக் குடம் ரெண்டு, அண்டா ஒண்டு, பழைய ரெலிபோன் வயர் ஒரு கட்டு, எரிஞ்சுபோன தண்ணி மோட்டர் ஒண்டு வீட்டில கிடக்கு. பழைய இரும்பு எடுக்கிறவர் வந்து நல்ல விலை சொல்லுறார். அப்பா விக்கவேண்டாம் எண்டுறார். என்ர கருத்து, செம்பின்ர காலம் முடிஞ்சுது. ரெலிபோனுக்கு ஃபைபர் வந்திட்டுது, கரண்ட் லைன் எல்லாம் அலுமினியம், போனுக்கு வயர் இல்லாமலே சார்ஜ் ஏறுது. இனி ஆருக்கு வேணும் செம்பு? இப்ப வித்தாத்தான் காசு. பிழையெண்டாச் சொல்லுங்கோ.

பழைய வைண்டிங்காரன் — 03.07.2025, இரவு

பிழை தம்பி. முழுப்பிழை இல்லை, அரைவாசி.

நான் திருகோணமலையில உட்துறைமுக வீதிப் பக்கம் 30 வருசத்துக்கு மேல மோட்டர் கட்டுறவன், எரிஞ்ச மோட்டருக்குத் திருப்பிக் கம்பி சுத்துற வேலை. காலமை கடை திறந்தா ராத்திரி மூடுமட்டும் கையில செம்புதான். அதால நான் செம்புக்குப் பக்கம் சாய்ஞ்சு கதைப்பன், அதை முதலே சொல்லிப்போட்டன்.

நீர் சொன்ன லைன் கதை உண்மை. ஆனா அது இப்ப வந்த மாற்றமில்லை. கம்பத்தில போற லைன் அலுமினியமாகி எத்தினையோ காலம். நடுவில உருக்குக் கம்பி, சுத்திவர அலுமினியம். செம்பில கட்டினா பாரம் கூட, கம்பமும் கூட வேணும், களவும் கூட. ஆகாயத்தில இடத்துக்கு வாடகை இல்லை, மொத்தமான கம்பி போட்டா என்ன? செம்பு கடத்திறதை அலுமினியம் கடத்தவேணுமெண்டா ரெண்டு மடங்கு மொத்தம் வேணும், அவ்வளவுதான்.

மிச்சம் பிறகு. கொசு தின்னுது.

பழைய வைண்டிங்காரன் — 04.07.2025

மூதூரில இருந்து எழுதுற ரீச்சர் திருத்தியிருக்கிறா, சரியாத்தான் திருத்தியிருக்கிறா. ரெண்டு மடங்கு இல்லை. கரண்ட் கடத்திறதில செம்பை 100 எண்டா அலுமினியம் 61. அப்ப குறுக்குவெட்டு 1.6 மடங்கு சொச்சம் இருந்தாக் காணும். அடர்த்தி செம்பு 8.96, அலுமினியம் 2.7. பெருக்கிப் பார்த்தா, அதே கரண்டைக் கொண்டுபோற அலுமினியக் கம்பி செம்பின்ர அரைவாசிப் பாரம்தான். நான் "ரெண்டு" எண்டு சொன்னது அந்தப் பாரக் கணக்கு மண்டைக்குள்ள நிண்டதால. நன்றி ரீச்சர். பள்ளிக்கூடத்தில படிச்சிருந்தா இப்படித் திருத்த வந்திருக்காது.

பழைய வைண்டிங்காரன் — 06.07.2025

"அரைவாசிப் பாரம், விலையும் மலிவு, பிறகென்ன மோட்டரையும் அலுமினியத்தில கட்டவேண்டியதுதானே" எண்டு ஒருவர் கேட்டிருக்கிறார். கட்டுறாங்கள். மலிவு விலைத் தண்ணி மோட்டர் கனக்க அலுமினியக் கொயிலோடதான் வருது. மேல செம்பு நிறத்தில வார்னிஷ் பூசிக் கிடக்கும், பார்த்தாத் தெரியாது. சுரண்டினா வெள்ளை.

மோட்டரைத் திறந்து பார்த்திருக்கிறீரோ? உள்ளுக்கு வட்டமா இரும்பு, அதில பல்லுப்பல்லா வெட்டு. அந்த வெட்டைத்தான் ஸ்லொட் எண்டுறம். ஸ்லொட்டுக்குள்ள முதல் லெதரொயிட் பேப்பர் (கரண்ட் இரும்புக்குத் தாவாமல் தடுக்கிற தடிப்புக் கடதாசி) வைப்பம், பிறகு கொயில் இறங்கும், மேல மூங்கில் ஆப்பு. ஸ்லொட்டின்ர அளவு இரும்பிலயே வெட்டினது, கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. அந்த அளவுக்குள்ள 1.6 மடங்கு மொத்தக் கம்பியை எப்படி இறக்கிறது? ஒண்டில் சுத்தைக் குறைக்கவேணும், இல்லாட்டி மெல்லிசாக் கட்டி சூடாக விடவேணும். எப்படிச் செய்தாலும் அடுத்த சிறுபோகத்துக்கு என்னட்டத்தான் வரும்.

ஒருக்கா ஒரு வயல்காரர் காசு காணாதெண்டு, செம்பு மோட்டரை அலுமினியத்தில கட்டித்தரச் சொன்னவர். மாட்டன் எண்டு சொல்லியிருக்கவேணும், சொல்லேல்ல. கட்டிக் குடுத்தன். ஆறு கிழமை ஓடிச்சு. பிறகு புகை. என்ர கைக்காசில செம்பில திருப்பிக் கட்டிக் குடுத்தன். அண்டைக்கு விளங்கினதைத்தான் இந்த உரையாடல் இழை முழுக்கச் சொல்லப்போறன்: இடம் தாராளமாக் கிடந்தா அலுமினியம், இடம் நெருக்கடியெண்டா செம்பு.

இனி வாற சாமானெல்லாம் நெருக்கடிச் சாமானா தாராளச் சாமானா எண்டு பாரும். செம்பின்ர எதிர்காலத்துக்கு வேற சாத்திரம் பார்க்கத் தேவையில்லை.

பழைய வைண்டிங்காரன் — 10.07.2025

இண்டைக்கு வேற கதை. 8ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி செம்புக்கு 50 சதவீத வரி எண்டு அறிவிச்சதும் நியூயோர்க் சந்தையில ஒரே நாளில 13 சதவீதம் ஏறிப்போச்சு. கொழும்பில இருந்து கொயில் வயர் அனுப்புறவர் காலமையே போன் எடுத்து "அண்ணை, இப்ப எடுக்காட்டி அடுத்த மாசம் தலையில துண்டு" எண்டார். ரெண்டு ரீல் கூட எடுத்துப்போட்டன். வீட்டில ஒருத்தருக்கும் சொல்லேல்ல.

பழைய வைண்டிங்காரன் — 13.07.2025

ரெலிபோன் கதைக்கு வாறன். எங்கட ரோட்டிலயும் செம்பு லைனைக் கழட்டி ஃபைபர் போட்டாச்சு. இதில தம்பலகாமத்தான் வென்றார். கண்ணாடி நாரில வெளிச்சத்தை அனுப்பலாம் எண்டு 1966இல சார்ள்ஸ் காவோ எழுதினவர், 2009இல அவருக்கு நோபல் பரிசும் கிடைச்சுது. தூரத்துக்குச் சேதி கொண்டுபோற வேலையில செம்பு தோத்ததுதான். மாற்றுக் கதை இல்லை.

ஆனா ஒண்டு. கடலுக்கடியால கண்டம் விட்டுக் கண்டம் போற ஃபைபர் கேபிளை வெட்டிப் பார்த்தா, நடுவில தலைமயிர் மாதிரி நார், அதைச் சுத்திச் செம்புக் குழாய். ஏன்? வெளிச்சம் நெடுகப் போகப் போக மங்கும். அதால கிலோமீற்றர் கணக்கில இடைவெளி விட்டுக் கடலடியில வெளிச்சத்தைப் பெருப்பிக்கிற பெட்டி வைச்சிருக்கிறாங்கள். அந்தப் பெட்டிக்குக் கரண்ட் வேணுமே. கரையில இருந்து பல ஆயிரம் வோல்ற்றில அந்தச் செம்பாலதான் போகுது. சேதியைக் கண்ணாடி கொண்டுபோகுது, கண்ணாடிக்குச் சாப்பாடு செம்பு கொண்டுபோகுது.

வீட்டிலயும் அதுதான். ஃபைபர் சுவர் வரைக்கும் வரும், அங்கால அந்தச் சின்னப் பெட்டிக்குச் செருகிற பிளக்கில என்ன இருக்கு? போனுக்கு வயர் இல்லாமச் சார்ஜ் ஏறுது எண்டீரே, அந்தத் தட்டைக் கழட்டிப் பாரும். உள்ளுக்கு வட்டமாச் சுத்தின செம்புக் கொயில். போனுக்குள்ளயும் ஒண்டு. வயரை எடுத்துப்போட்டுக் கொயிலா வைச்சிருக்கிறாங்கள். என்ர தொழில்தான், ஆளைத்தான் கூப்பிடேல்ல.

பழைய வைண்டிங்காரன் — 20.07.2025

இண்டைக்கு எழுதிறது கோவத்தில. நீட்டுக்குப் போகும்.

உப்புவெளியில சொந்தக்காரரின்ர விடுதி. மூண்டு அறைக்கு ஏசி போட்டவை. ஒரு அறையில சுவிட்ச் உருகி, சுவரெல்லாம் கரி. நல்லகாலம், ஆளில்லாத அறை. போய்க் கழட்டினன். வயரின்ர தோலில 7/0.67 எண்டு அச்சு. தெரியாதவைக்கு: ஏழு இழை, ஒவ்வொண்டும் 0.67 மில்லிமீற்றர், மொத்தம் 2.5 சதுர மில்லிமீற்றர். மைக்ரோமீற்றர் வைச்சு அளந்தன். 0.60. சின்ன வித்தியாசம் எண்டு நினையாதேங்கோ. விட்டத்தில பத்தில ஒண்டு குறைஞ்சா, பரப்பில ஐஞ்சில ஒண்டு போகும். 2.5 எண்டு வாங்கினது 2 கூட இல்லை.

அதோட முடிஞ்சாப் பரவாயில்லை. இன்னொரு அறையில வேற ரீல். அது அளவில சரி. ஆனா கையில எடுக்கவே பஞ்சு மாதிரி. கத்தியால சுரண்டினன், உள்ளுக்கு வெள்ளை. செம்பு முலாம் பூசின அலுமினியம். 1.6 மடங்கு மொத்தம் வேண்டிய இடத்தில ஒரு மடங்கு. செம்பு எண்டு நினைச்சு இறுக்கின ஸ்குரூவுக்குக் கீழ அலுமினியம் மெல்ல மெல்ல நசிஞ்சு குடுத்து, இணைப்பு இளகி, சூடாகி, பிறகு கரி. எந்தக் கடை எண்டு இங்க எழுதமாட்டன். கடைக்காரருக்கே தெரிஞ்சிருக்காது எண்டுதான் நினைக்கிறன். ரெண்டு நாள் கழிச்சு அப்படி நினைக்காமலும் விடுவன்.

செம்பின்ர எதிர்காலம் எண்டு பெரிசாக் கதைக்கிறம். விலை ஏற ஏற, அது எங்கட சுவருக்குள்ள எப்படி வரும் எண்டு இதைப் பார்த்தாத் தெரியும். சந்தையில செம்பு முடியாது. இழை இழையா மெலியும். அச்சு மட்டும் அதே அச்சு.

வாங்கேக்க சுரண்டிப் பாருங்கோ. கையில தூக்கிப் பாருங்கோ. ஒரு இழையை லைற்றர் நெருப்பில பிடியுங்கோ. அலுமினியம் 660 பாகையில உருகும், செம்புக்கு 1085 வேணும், லைற்றருக்கு மெல்லிய அலுமினிய இழை தொய்ஞ்சு வளையும், செம்பு சிவந்துபோட்டு அப்படியே நிக்கும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

பழைய வைண்டிங்காரன் — 21.07.2025

நேற்றைய கோவத்தில ஒண்டை விட்டிட்டன். ரிவி டிஷ் வயரின்ர நடுக்கம்பியைக் காந்தத்தில பிடிச்சா ஒட்டுது, அதுவும் கள்ளச் சாமானோ எண்டு ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இல்லை. அது உருக்குக்கு மேல செம்பு. அங்க அது ஞாயம். அலைவரிசை கூடக் கூட கரண்ட் கம்பியின்ர தோலிலதான் ஓடும், உள்ளுக்குப் போகாது. டிஷ்ஷில இருந்து வாற சிக்னலுக்குச் செம்பில ஒரு மில்லிமீற்றரின்ர ஆயிரத்தில ஒரு சில பங்கு ஆழமே காணும். எங்கட 50 ஹேட்ஸ் கரண்டுக்கு அது 9 மில்லிமீற்றர், அதாவது வீட்டு வயரில முழுக்கம்பியும் வேலை செய்யும். ஒரே பூச்சு, ஓரிடத்தில கெட்டித்தனம், இன்னோரிடத்தில களவு.

பழைய வைண்டிங்காரன் — 26.07.2025

மின்சாரக் கார், சம்பூர் சூரிய மின் நிலையம், ரெண்டையும் பற்றிக் கேட்டிருக்கிறீங்கள். இதில எனக்குத் தெரிஞ்சது வாசிச்சதுதான், கை வைச்சதில்லை.

சர்வதேச எரிசக்தி முகவரகம் 2021இல போட்ட கணக்கில, சாதாரண காருக்கு 22 கிலோ செம்பு, மின்சாரக் காருக்கு 53 கிலோ. ஒரு மெகாவாட் சூரிய மின்னுக்கு 2.8 தொன் சொச்சம், கடலுக்குள்ள நடுற காற்றாலைக்கு 8 தொன், நிலக்கரி நிலையத்துக்கு ஒரு தொன்னுக்குக் கொஞ்சம் மேல. சம்பூரில முதல் வாறதெண்டது 500 மெகாவாட் நிலக்கரி. 2016இல கைவிட்டாங்கள். இப்ப 120 மெகாவாட் சூரிய மின். சித்திரையில இந்தியப் பிரதமர் வந்தபோது தொடக்கிவைச்சது. 120ஐ 2.8ஆல பெருக்கினா 336 தொன் செம்பு எங்கட கொட்டியாரக் குடாக் கரைக்கு வரவேணும்.

வருமோ? இதில எனக்கே சந்தேகம். சம்பூரில வெளி தாராளம். நான் சொன்ன விதிப்படி தாராள இடத்துக்கு அலுமினியம்தானே. உலகத்தில பெரிய சோலார் வெளிகளில நெடுந்தூர டீசீ கேபிள் கனக்க அலுமினியத்துக்கு மாறிப்போச்சு. அதால 336 வராது, குறையும். கூரையில போடுற சோலாருக்கு வாற மெல்லிய கறுப்பு, சிவப்பு வயரின்ர தோலை உரிச்சுப் பாருங்கோ, வெள்ளையாத்தான் கிடக்கும். பயப்படாதேங்கோ! அது வெள்ளீயம் பூசின செம்பு. உப்புக் காத்துக்கும் வெயிலுக்கும் நிண்டுபிடிக்க. அப்ப வெள்ளையெண்டா அலுமினியம் எண்ட என்ர கணக்கு இங்க பலிக்காது, இழையை வெட்டி வெட்டுமுகத்தைப் பார்க்கவேணும், நடுவில சிவப்பெண்டாச் சரி. எங்கட அம்மாமார் சமைக்கிற செம்புப் பானைக்கு ஈயம் பூசுவிச்ச மாதிரித்தான், புதுசா ஒண்டும் கண்டுபிடிக்கேல்ல.

காரிலயும் செம்பைக் குறைக்கிற வேலை நடக்குது. வோல்ற்றேஜை இரட்டிச்சா அதே சக்திக்குக் கரண்ட் பாதி, அதே வயரில சூடு காலே கால். அதுக்குத்தான் 400 வோல்ற் பற்றரியை 800 ஆக்கிறாங்கள். ஆனா மோட்டருக்குள்ள? ஸ்லொட். திருப்பியும் ஸ்லொட். இப்ப வட்டக் கம்பி போட்டா இடையில காத்து நிக்குதெண்டு, சதுரக் கட்டையா வளைச்ச செம்பைச் செருகிறாங்களாம். கொண்டைஊசி மாதிரி. இடத்துக்காக எவ்வளவு பாடு பாருங்கோ.

பழைய வைண்டிங்காரன் — 31.07.2025

நேற்று அதே அமெரிக்க ஜனாதிபதி, வரி குழாய், வயர் மாதிரிச் செய்த சாமானுக்குத்தான், சுத்திகரிச்ச செம்புக்கட்டிக்கு இல்லை எண்டு சொல்லிப்போட்டார். நியூயோர்க்கில ஒரே நாளில 20 சதவீதத்துக்கு மேல விழுந்துது. லண்டன் சந்தை பெரிசா அசையவே இல்லை, ஏறினதும் அங்க அப்படி ஏறேல்ல. நாங்கள் வாங்கிறது லண்டன் விலையை வைச்சு. அதாவது நான் அமெரிக்காவின்ர காய்ச்சலுக்குத் திருகோணமலையில மருந்து குடிச்சிருக்கிறன். ரெண்டு ரீலும் கட்டிலுக்குக் கீழ.

வீட்டில கண்டாச்சு.

பழைய வைண்டிங்காரன் — 09.08.2025

கனடாவில கொம்பியூட்டர் வேலை செய்யிற மருமகனோட ஞாயிற்றுக்கிழமை கதைக்கேக்க இந்த "இடநெருக்கடி" விதியைப் பெருமையாச் சொன்னன். அவர் ரெண்டு விசயம் சொன்னார், ஒண்டு எனக்குச் சாதகம், மற்றது பாதகம்.

சாதகம்: செயற்கை நுண்ணறிவு ஓடுற கொம்பியூட்டர் அலுமாரி. சிப் செய்யிற என்விடியா கொம்பனி 2024இல காட்டின அலுமாரியில 72 சிப்பையும் ஒண்டோட ஒண்டு தொடுக்க 5,000க்கு மேல செம்புக் கேபிள், கூட்டினா ரெண்டு மைல் கிட்ட. அந்த வேலைக்கு ஃபைபர் போட்டிருந்தா, கரண்டை வெளிச்சமாக்கி, திருப்பி வெளிச்சத்தைக் கரண்டாக்க மட்டும் 20 கிலோவாட் வீணாம். 20 கிலோவாட் எண்டா இருபது ஏசி ஓடும். தூரத்தில செம்பைத் துரத்தின ஃபைபர், கிட்டத்தில தோத்துப்போச்சு. நான் உடனே கையடிச்சன்.

பாதகம்: சிப்புக்குள்ள. 1997 வரைக்கும் சிப்புக்குள்ள ஓடின கம்பி அலுமினியம். அந்த வருசம் ஐபிஎம் செம்புக்கு மாத்தினது, பிறகு எல்லாரும் மாறினாங்கள். ஆனா செம்பு சிலிக்கனுக்குள்ள ஊறிப் பழுதாக்கும். அதால கம்பியைச் சுத்தி ஒரு தடுப்புத் தோல் போடவேணும். நான் "அது எங்கட லெதரொயிட் பேப்பர்!" எண்டன். மருமகனுக்கு லெதரொயிட் தெரியாது, விளங்கப்படுத்தினன், சிரிச்சார், அதேதான் எண்டார். இப்ப கம்பி மெலிஞ்சு மெலிஞ்சு, ஸ்லொட் முழுக்கப் பேப்பராப் போச்சு, செம்புக்கு இடமில்லை. அதோட செம்புக்குள்ள எலெக்ட்ரன் ஒரு 40 நனோமீற்றர் ஓடித்தான் எதிலயும் முட்டும், கம்பி அதைவிட ஒடுங்கினா சுவரில முட்டி முட்டித் தடை கூடுமாம். அதால ஆக மெல்லிய கம்பிக்குக் கோபால்ற், ருதேனியம், மொலிப்டினம் எண்டு வேற உலோகத்தைப் பிடிச்சுப் பார்க்கிறாங்கள். சும்மா பார்த்தா அதெல்லாம் செம்பைவிட மோசமான கடத்தி.

அப்ப என்ர விதி? இடநெருக்கடியில செம்பு வெல்லும். நெருக்கடி மிஞ்சிப்போனா செம்பும் தோக்கும். ஒரு கிழமையா இதை யோசிச்சுக்கொண்டிருந்தன். விதியைத் திருத்தி எழுதிறன்: கையால தொட்டுக் கட்டக்கூடிய நெருக்கடி மட்டும்தான் என்ர விதி. அதுக்குக் கீழ மருமகனின்ர இராச்சியம்.

பழைய வைண்டிங்காரன் — 10.08.2025

தம்பலகாமத்தான் கேட்ட குடத்தை எல்லாரும் மறந்துபோனம்.

குடத்தை விக்காதையும். உலோகமாத் தூக்கிப் பார்த்தா ரெண்டு மூண்டு கிலோ, ஒரு தரம் சாமான் வாங்கிற காசு. பிறகு கோயில் கும்பத்துக்கெண்டு நீர் கடையில வாங்கப்போனா அந்த விலைக்கு வாங்கேலாது, அந்தக் கனத்திலயும் கிடைக்காது. குடத்தில பச்சை பிடிச்சுக் கிடக்கும். அது களிம்பு. பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சாப் போகும்.

சின்ன வயசில சைவசமய வகுப்பில, உயிருக்கு ஆணவ மலம் எப்படியெண்டா நெல்லுக்கு உமி மாதிரி, செம்புக்குக் களிம்பு மாதிரி, கூடவே பிறந்தது எண்டு சொல்லித் தந்தவை. பிறகு தொழிலில வந்து பார்த்தா, களிம்பு கூடப் பிறக்கேல்ல, காத்தும் ஈரமும் உப்பும் வெளியில இருந்து கொண்டுவாறது. இதைக் கடையில ஒருக்காச் சொல்லப்போய், ஒரு ஐயா ரெண்டு மணித்தியாலம் எனக்குச் சித்தாந்தம் விளங்கப்படுத்தினவர். ஃபேன் எடுக்க வந்தவர், ஃபேனை விட்டிட்டுப் போட்டார்.

பழைய வைண்டிங்காரன் — 17.08.2025

கொட்பேயில வள்ளம் வைச்சிருக்கிற ஒருவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: மீற்றர் வரைக்கும் அலுமினியம், வீட்டுக்குள்ள செம்பு, இந்த ரெண்டும் முட்டிற இடத்தில ஏன் எப்பவும் பிரச்சினை?

வள்ளக்காரருக்குத் தெரிஞ்ச கதையிலயே சொல்லலாம். 1761இல ஆங்கிலேயக் கடற்படை அலார்ம் எண்ட கப்பலின்ர அடிக்குச் செம்புத் தகடு அடிச்சுது, புழுவும் சிப்பியும் பிடிக்காமல். புழு பிடிக்கேல்ல. ஆனா கப்பல் திரும்பிவந்து தகட்டைக் கழட்டினா, இரும்பு ஆணியெல்லாம் கரைஞ்சு கிடந்துது. சில ஆணி மட்டும் புதுசு மாதிரி. என்னெண்டு பார்த்தா, தகடு சுத்திவந்த கபிலக் கடதாசி அந்த ஆணிகளுக்கும் செம்புக்கும் நடுவில மாட்டிக் கிடந்திருக்கு. உப்புத் தண்ணிக்குள்ள ரெண்டு உலோகம் முட்டினா அது பற்றரி. சோதாவான உலோகம் கரையும். 1824இல ஹம்பிரி டேவி அதையே திருப்பிப் பாவிச்சார்: வேணுமெண்டே ஒரு சோதா உலோகத்தைக் கட்டிவிடு, அது கரையட்டும், மற்றது தப்பட்டும். உங்கட வள்ளத்தின்ர விசிறிக்குப் பக்கத்தில பூட்டிற நாக (சிங்க்) உலோகக் கட்டி அந்த டேவியின்ர கட்டிதான்.

எங்கட ஊர்ப் பேரில, ட்ரிங்கோமலி எண்டு ஒரு கப்பல் இருக்குது, 1817இல பம்பாயில தேக்கில கட்டினது, இப்ப இங்கிலாந்தில ஹார்ட்டில்பூல் எண்ட இடத்தில காட்சிக்கு நிக்குது. இண்டைக்கும் மிதக்குது. எங்கட மீற்றர்ப் பெட்டி ஐஞ்சு வருசம் நிக்குதில்லை.

அலுமினியமும் செம்பும் முட்டிற இடத்துக்கு ரெண்டு உலோகமும் சேர்த்துச் செய்த லக் (வயர் முனையில பூட்டிற உலோகக் காது) கிடைக்கும். அதைப் போடுங்கோ. ரெண்டு வயரையும் முறுக்கி ரேப் சுத்தாதேங்கோ. செம்பில பிடிக்கிற கறுப்புத் தோல் கொஞ்சமாவது கரண்டை விடும், அலுமினியத்தில பிடிக்கிற வெள்ளைத் தோல் விடவே விடாது. முன்னம் இடம் இடம் எண்டு எழுதினன். இதை எழுதேக்க யோசிக்கிறன், எரிஞ்சு என்னட்ட வந்த சாமானில பாதி கம்பியால எரியேல்ல, முனையால எரிஞ்சது. செம்பை நாங்கள் விடாமப் பிடிச்சிருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்: நாங்கள் விடுற பிழையைச் செம்பு பொறுக்கும்.

பழைய வைண்டிங்காரன் — 30.08.2025

"எங்கட மாவட்டத்திலயே செம்பு இருக்காமே, தோண்டினா என்ன?"

இருக்கு. சேருவிலவில. 1971இல புவிச்சரிதவியல் திணைக்களம் கண்டுபிடிச்சது, காந்த இரும்புக் கல்லும் செம்புக் கல்லும் கலந்து. கண்டுபிடிச்சது எண்டு சொல்லவும் கூச்சமாக் கிடக்கு, ஏனெண்டா ஆதி இரும்புக்காலத்தில இருந்தே அந்தக் கல்லை ஆக்கள் பாவிச்சிருக்கலாம் எண்டு பேராசிரியர் சுதர்சன் செனவிரத்ன எழுதியிருக்கிறார். இலங்கைக்குத் தம்பபண்ணி எண்டு பேர் வந்ததுக்கு மகாவம்சம் சொல்லுறது விசயனின்ர ஆக்கள் நிலத்தில கை ஊண்டினபோது மண் பட்டுக் கை சிவந்த கதை. தாமிரத்தின்ர நிறம். அங்கால திருநெல்வேலியில தாமிரபரணி. பேரில தாமிரம் இல்லாத பக்கமில்லை, கையில தாமிரம் உள்ள பக்கமும் இல்லை.

தோண்டுறதைப் பற்றி நான் ஆசையாக் கதைக்கமாட்டன். உலகத்துப் பெரிய சுரங்கங்களில கனக்க இடத்தில நூறு கிலோ கல்லுக்கு ஒரு கிலோ செம்புகூட இல்லை. மிச்சம் 99 கிலோவும் எங்கயோ கொட்டவேணும். உருக்கினா கந்தகப் புகை, அதைப் பிடிச்சு அமிலமாக்கவேணும். தூத்துக்குடியில என்ன நடந்தது எண்டு தெரியும்தானே. வருசம் 4 இலட்சம் தொன் செம்பு உருக்கிற ஸ்டெர்லைட் ஆலை, 2018 மே 22 ஆர்ப்பாட்டத்தில 13 பேர் சூட்டில செத்து, ஆலை மூடி, 2024இல உச்ச நீதிமன்றமும் திறக்க விடேல்ல. அதுக்குப் பிறகு இந்தியா செம்பை வித்த நாட்டில இருந்து வாங்கிற நாடாப் போச்சு. செம்பும் வேணும், எங்கட பக்கத்தில உருக்கவும் வேண்டாம். ஆரும் ஆரையும் குறை சொல்லேலாது. சேருவிலக் கல்லு அப்படியே கிடக்கட்டும் எண்டுதான் நான் சொல்லுவன். நாளைக்கு வேற மாதிரிச் சொன்னாலும் சொல்லுவன்.

நிலத்துக்குக் கீழ இருந்து எங்களுக்கு வந்த நல்ல செம்பு எண்டா 1950இல கிணறு வெட்டேக்க வந்த கோணேசர் கோயில் விக்கிரகங்கள்தான். போர்த்துக்கேயர் கோயிலை இடிச்சது 1620களில. அவ்வளவு காலம் மண்ணுக்குள்ள கிடந்தும் முகம் கெடேல்ல.

பழைய வைண்டிங்காரன் — 27.09.2025

இந்தோனேசியாவில கிராஸ்பேர்க் சுரங்கத்துக்குள்ள 8ஆம் திகதி சேறு பாய்ஞ்சு வேலையாக்கள் அகப்பட்டினம். இந்தக் கிழமை கொம்பனி, ஒப்பந்தப்படி செம்பு தரேலாது எண்டு அறிவிச்சுப்போட்டுது. உலகத்தில ரெண்டாவது பெரிய செம்புச் சுரங்கம். லண்டனில தொன் 10,000 டொலரைத் தாண்டியாச்சு. போனமுறை வரி, இந்தமுறை செத்த சனம். கட்டிலுக்குக் கீழ ரெண்டு ரீல் கிடக்கெண்டு சந்தோசப்பட மனம் வரேல்ல.

"கெட்டிக்காரன், முதலே வாங்கிப்போட்டீர்" எண்டு எழுதினவருக்கு: கெட்டித்தனம் இல்லை. பிழையான காரணத்துக்கு வாங்கினது.

பழைய வைண்டிங்காரன் — 04.10.2025

தம்பலகாமத்தானின்ர அப்பா போன கிழமை கடைக்கு வந்தவர். இந்த இழையை வாசிச்சவராம், மகனுக்குச் சொல்லாமல் எரிஞ்ச மோட்டரைச் சைக்கிளில கட்டிக்கொண்டு வந்திட்டார். குடத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறாராம். ரெலிபோன் வயர் கட்டைப் பற்றிக் கேட்டார். கம்பத்தில இருந்து வாற கறுப்பு வயரெண்டா காந்தம் வைச்சுப் பார்க்கச் சொன்னன், பாரம் தாங்க இரும்புக் கம்பி சேர்ந்திருக்கும், கிலோக் கணக்கில ஏமாறக்கூடாது. தோலை எரிச்சு எடுக்கவேண்டாம், அந்தப் புகை கூடாது. இருந்து உரிக்கட்டும், இல்லாட்டி தோலோட குடுக்கட்டும். பழைய செம்பை உருக்கிச் சுத்திகரிச்சா புதுச் செம்புக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்லை, உலகம் பாவிக்கிற செம்பில மூண்டில ஒரு பங்கு அளவு அப்படித் திரும்பி வாறதுதான். வித்தாலும் எங்கயும் போகாது.

தம்பி, மோட்டர் ஆயத்தம். பழைய கொயில் செம்புதான், அலுமினியம் இல்லை. கழட்டி நிறுத்தன்: 1 கிலோ 180 கிராம். புதுசு இறங்கினது 1 கிலோ 150, கட்டிலுக்குக் கீழ கிடந்த ரீலில இருந்து, ஆடி மாச விலைக்கு. பழைய செம்பை நான் எடுத்துக்கொண்டு அந்தக் காசைக் கூலியில கழிச்சிருக்கிறன். அப்பா வாறதெண்டா வெள்ளிக்கிழமை வேண்டாம், பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போறன். சனிக்கிழமை பத்து மணிக்குப் பிறகு வரச்சொல்லும். சைக்கிளில இல்லை, ஓட்டோவில.